வாயிற் கமராவும் நீண்ட கம்பியும்

பகல் முழுவதும் வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்புக் கமரா இரவானதும் கண்ணை மூடிவிடுகிறது. வேண்டிய வேளையிற் கைவிடும் காவற்காரனை எவர் வைத்திருப்பர்? வீட்டுக்காரர் கமராவைப் பழிப்பர். விற்றவர் வேறொன்றைத் தருவர். அதுவும் அவ்வாறே செய்யும். குற்றம் பல வேளைகளிற் கமராவில் இல்லை. வீட்டுக்கும் வாயிலுக்கும் இடையிற் கிடக்கும் கம்பியில் இருக்கிறது.

கணக்கிட்டுப் பார்த்தாற் காரணம் விளங்கும். கமரா 12 வோல்ற்றில் இயங்குவது என்க. வாயில் 100 மீற்றர் தொலைவு. மின் சென்று மீளவேண்டுமாதலாற் கம்பியின் நீளம் 200 மீற்றர். குறுக்குப் பரப்பு 0.5 சதுர மில்லிமீற்றராயுள்ள செப்புக் கம்பியாயின் அதன் தடை ஏறத்தாழ 7 ஓம். பகலிற் கமரா 0.25 அம்பியர் பெறுமாயின் வழியில் இழக்கப்படுவது 1.75 வோல்ற்று. ஒருவாறு சமாளிக்கும். இருள் வந்ததும் அதன் செந்நிறக்கீழ்க் கதிர் விளக்குகள் எரியத் தொடங்கும், மின்னோட்டம் 0.5 அம்பியராகும்; இழப்பு 3.5 வோல்ற்றாகும். எஞ்சிய 8.5 வோல்ற்றில் அது படுத்துவிடுகிறது. 1.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியை இட்டிருந்தால் இழப்பு மூன்றிலொன்றாகியிருக்கும்.

வலையமைப்புக் கமராக்கள் படத்தையும் மின்னையும் நான்கு சோடி முறுக்கிய கம்பிகள் கொண்ட ஒரே கேபிளிற் பெறுகின்றன. அங்கு மின் ஏறத்தாழ 48 வோல்ற்றில் அனுப்பப்படுவதால் மின்னோட்டமும் சிறிது, இழப்பும் சிறிது. ஆயினும் 100 மீற்றர் என்பது எல்லை. அதிலும் 10 மீற்றரை இரு முனைகளின் இணைப்புகளுக்கு ஒதுக்கல் வேண்டும். 130 மீற்றரிலும் படம் வந்ததெனச் சிலர் சொல்வர். வரலாம், என்றும் வருமா என்பதே வினா.

மலிவாக விற்கப்படுபவற்றுட் சில, செம்பு போர்த்த அலுமினியம். அதன் தடை செம்பினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கத்தி முனையாற் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். சுருளைத் தூக்கினாற் பாரம் குறைவு. பணம் கொடுக்குமுன் செய்யவேண்டிய சோதனை இது.

செம்பைப் பற்றிய இவ்வழக்குப் புதிதன்று. 1858 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் இட்ட தந்திக் கேபிளில் ஒரு கடல் மைலுக்கு 107 இறாத்தல் செம்பே இருந்தது. செய்தி மிக மந்தமாகவே சென்றது. வைற்ஹவுஸ் என்பார் மிகையான மின்னழுத்தத்தைப் புகுத்தினார். கேபிளின் முடிவு விரைந்தது. சில வாரங்களில் அது பேச்சிழந்தது. தூய செம்பும் பருத்த கம்பியும் வேண்டுமென வாதாடியவர் வில்லியம் தொம்சன். 1866 இல் வெற்றிகண்ட கேபிளிற் கடல் மைலுக்கு 300 இறாத்தல் செம்பு இடப்பட்டது.

தூரம் 100 மீற்றரைக் கடந்தாற் கண்ணாடி இழைக் கேபிளே தக்கது. கிலோமீற்றர்க் கணக்கிலும் அது படத்தைச் சுமக்கும். ஆனால் கமராவுக்கு வேண்டிய மின்னை வாயிலிலேயே தனியாகக் கொடுத்தல் வேண்டும். இணைப்பு வேலைக்கும் கைதேர்ந்தவர் தேவை. செலவு கூடுதலே. எனினும் சித்திரை மாதத்து மாலை இடியையும் ஐப்பசி மின்னலையும் அறிந்த இலங்கையர் அச்செலவை எண்ணித் தயங்குதல் தகாது. கட்டடத்துக்குக் கட்டடம் நீண்டு கிடக்கும் செப்புக் கேபிள், மின்னலின் அதிர்ச்சியை வீட்டினுள்ளிருக்கும் பதிவுக் கருவிவரை அழைத்துவரும். கண்ணாடியில் மின் பாயாது. வாங்கும்போது உருக்குக் கம்பி சேராத வகையைக் கேட்டு வாங்குதல் வேண்டும்; உருக்குச் சேர்ந்ததாயின் மின்னலுக்கு அதுவும் ஒரு வழிதான்.