காலும் சாலையும்



ஒருவர் நடந்து செல்கிறார். ஒருவர் மிதிவண்டியில் செல்கிறார். ஒருவர் பேருந்துக்குக் காத்து நிற்கிறார். மற்றொருவர் மோட்டார் சைக்கிளில் விரைகிறார். இவையெல்லாம் அவரவர் விருப்பம் என்றே நாம் எண்ணுகிறோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவன் ஒரு மாணவன்.

ஓசூர் முன்பு சந்திரசூடேசுவரர் மலையை ஒட்டிய சிற்றூர். ஊரின் எந்த மூலைக்கும் நடந்தே சென்றுவிடலாம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. ஆலைகள் பெருகின; குடியிருப்புகள் மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி என்று கர்நாடக எல்லை வரை நீண்டன. பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நாள்தோறும் அங்குச் சென்று திரும்புவோரும் பலர். வீடு ஓரிடம், வேலை ஓரிடம், பள்ளி ஓரிடம் என்றாகிவிட்டது. இவற்றின் ஊடே கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. தொலைவூர் லாரிக்கு அது வழி. உள்ளூரில் நடப்பவருக்கோ அது மதில்.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் மொபெட்டில் பள்ளிக்கு வந்தான். உரிமம் இல்லை. அரசு தந்த மிதிவண்டியோ வீட்டில் கிடந்தது. “சோம்பேறி” என்று கடிந்தேன். அவன் தலைகுனிந்து, “ஐயா, ஒரு நாள் என்னோடு நடந்து வந்து பாருங்கள்” என்றான்.

சென்றேன். சாலைக்கு அப்பால் அவன் வீட்டுக் கூரை பள்ளியிலிருந்தே தெரிந்தது. ஆயின், நடுத்தடுப்பில் இருந்த இடைவெளியை அடைத்துவிட்டார்கள். கடக்கும் இடம் நெடுந்தொலைவில் இருந்தது. அணுகுசாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. நடைபாதை மண்மேடாகக் கிடந்தது. நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வீட்டை அடைய எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. “லாரிகளுக்கு நடுவே சைக்கிளை மிதிக்கச் சொல்ல மனம் வரவில்லை, ஐயா” என்றார் அவன் தாய்.

இதற்காக மொபெட் ஓட்டியது சரி என்று சொல்லமாட்டேன். வயது வராதவர் வண்டி ஓட்டினால், 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அவன் மொபெட்டை விட்டான். நெரிசல் மிக்க பேருந்தில் வந்து, முதல் வகுப்புக்குப் பலமுறை தாமதமானான். வருகைப் பதிவில் நான் இட்ட தாமதக் குறிகளில் பாதி, அவனுக்கு அன்று, சாலைக்கு உரியவை. அவனைச் சோம்பேறி என்றதற்கு இன்றும் வருந்துகிறேன்.

சூழல் மாறினால் பழக்கமும் மாறும். ஹாலந்து நாட்டில் இன்று சிறுவரும் முதியவரும் மிதிவண்டியில் செல்கின்றனர். அது அவர்களது பிறவிக் குணம் அன்று. 1971-இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் திரண்டு கிளர்ச்சி செய்தனர். அதன்பின் மிதிவண்டிக்குத் தனிப்பாதைகள் பெருகின. நம் மாநிலத்திலும் 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. பேருந்தில் பெண்கள் கூட்டம் பெருகிற்று. பெண்களின் மனம் ஒரே நாளில் மாறிவிடவில்லை; ஏற்பாடுதான் மாறியது.

ஆகவே, மாணவர்களே, ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை ஒரு படம் வரையுங்கள். நடைபாதை எங்கே அறுகிறது, நிழல் எங்கே இல்லை, சாலையைக் கடக்க எங்கே அஞ்சுகிறீர்கள் என்று குறியுங்கள். ஓசூர் 2019 முதல் மாநகராட்சி. நகரில் உள்ளோர் அப்படத்தை மாநகராட்சியிடம் கொடுங்கள். கிராமத்தில் உள்ளோர் கிராம சபையில் வையுங்கள். ஒருமுறை கேட்டுக் கிடைக்காவிடில் மறுமுறை கேளுங்கள். ஒருவன் நடக்கவில்லை என்று குறை சொல்லுமுன், அவன் நடக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.