பத்து சதவீதத்துக்குள்ள வந்துட்டா போதுமா?

ஃபைனல் இயர் படிக்கிற ஒரு தங்கச்சி மெயில் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல சிமிலாரிட்டி 34 சதவீதம் காட்டுது. எப்படிக் குறைக்கிறது?" இதே கேள்வியோட நானும் ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன்.

அன்னிக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு பேப்பர்ல இருந்த பத்தியை அப்படியே எடுத்து, வார்த்தைகளை மாத்தித் தர்ற ஒரு வெப்சைட்ல போட்டேன். சதவீதம் சர்ருனு இறங்கிடுச்சு. பைண்டிங்கும் பண்ணியாச்சு. வைவால எக்ஸ்டர்னல் ஒரு பக்கத்தைத் திறந்து, "தம்பி, ஆர்பிட்ரரி வுட்லேண்ட்னு போட்டிருக்கே, இது எந்த ஊர் காடு?"ன்னு கேட்டார். ரேண்டம் ஃபாரஸ்ட்ங்கிற அல்காரிதத்தோட பேரையே அது மாத்தி வெச்சிருந்தது! அவர் சிரிச்சுட்டு, "சரி, இந்தப் பத்தி என்னதான் சொல்லுது?"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பேர் மாறினதைவிட அதுதான் அவமானமா இருந்தது.

இது என் கதை மட்டும் இல்லை. 2021-ல் கியோம் கபனாக் உள்ளிட்ட மூணு ஆய்வாளர்கள், வெளியான ஆய்வுக் கட்டுரைகள்லயே இப்படிப்பட்ட சொற்களைக் கண்டுபிடிச்சாங்க. 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' அங்கே 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்' ஆகியிருந்தது. அதாவது, போலி சுயநினைவு! இதுக்கு அவங்க வெச்ச பேர் 'டார்ச்சர்ட் ஃப்ரேசஸ்', சித்ரவதை செய்யப்பட்ட சொற்கள்.

யுஜிசியோட 2018 விதிப்படி, ஒற்றுமை 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினா மாணவரோட பதிவே ரத்தாகலாம். நாம அந்தப் பத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டோம். ஆனா அந்த மென்பொருள் பார்க்கிறது வார்த்தைகளை. கருத்து யாரோடதுன்னு அதுக்குத் தெரியாது.

ஒரு உதாரணம். மூலத்துல இப்படி இருக்குன்னு வெச்சுப்போம்: "மரங்களின் எண்ணிக்கை கூடும்போது பிழை ஓர் எல்லையை நெருங்குகிறது." இதை "விருட்சங்களின் தொகை உயரும்போது தவறு ஒரு வரம்பை அணுகுகிறது"ன்னு எழுதினா அது பாராஃப்ரேஸ் இல்லை, மாறுவேஷம். "மரங்களைச் சேர்த்துக்கிட்டே போனாலும் பிழை தறிகெட்டு ஏறாது, ஒரு இடத்துல நின்னுடும்னு பிரெய்மன் 2001-ல் காட்டினார்"னு எழுதி, பக்கத்துல சதுர அடைப்புக்குள்ள எண் போட்டா, அது நீங்க புரிஞ்சுக்கிட்டது. வார்த்தை உங்களோடது, கருத்து அவரோடது. அதனால எவ்வளவு மாத்தி எழுதினாலும் அந்த எண் கட்டாயம் வேணும்.

இப்போ நான் செய்யறது இதுதான். படிச்சதும் பேப்பரை மூடிடுவேன். ரூம்மேட்கிட்ட சொல்ற மாதிரி ரெண்டு வரி எழுதுவேன். திரும்பத் திறந்து, அர்த்தம் மாறியிருக்கா, அவரோட வாக்கியம் அப்படியே வந்திருக்கான்னு பார்ப்பேன். மூலத்தைக் குறிக்கிறதை அப்புறம்னு தள்ளிப்போடாம அந்த நிமிஷமே போட்டுடுவேன். ஏன்னா ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா, எது என் வரி, எது அவர் வரின்னு எனக்கே தெரியாது.

தங்கச்சி, அந்த 34-ஐ விடுங்க. சிவப்புல காட்டுற ஒவ்வொரு பத்தியையும் மூடிவெச்சுட்டு வாயால சொல்லிப் பாருங்க. சொல்ல முடிஞ்சதை எழுதுங்க. முடியாததை மறுபடி படிங்க. வைவால உங்க பக்கத்துல எந்த வெப்சைட்டும் உட்காராது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!