அத்தாவின் புல்லட்

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் ஊரில் சில வீடுகளில் இன்னும் ஒரு பழைய புல்லட் சாக்குப் போர்வைக்குள் நிற்கிறது. 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி அது. ஓட்டியவர் மவ்த்தாகிவிட்டார், வண்டி மட்டும் நிற்கிறது.

சென்ற ஆண்டு அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். 11 ஆண்டுகள் நின்ற வண்டி. மகன் புதுப் பெட்ரோலை ஊற்றி, வியர்க்க வியர்க்கக் கிக்கரை மிதித்துக்கொண்டிருந்தார். "தம்பி, நிறுத்துங்கள்" என்றோம்.

ஏன்? நீண்ட நாள் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்து, பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கலாம். வேகமாக மிதித்தால் சுவர் கீறிவிடும். டேங்கில் துரு; கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும்.

ஆகவே வரிசையாகச் செய்யுங்கள். பழைய பெட்ரோலை வடித்து டேங்கைக் கழுவுங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளைச் சுத்தம் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு, ஓர் இரவு பொறுத்திருங்கள். பிறகு பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அசைந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பாயிண்ட்டைத் துடைத்து, அதன் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். ஸ்டார்ட் செய்வது திறந்த வெளியில்தான்; மூடிய அறையில் புகை உயிரைப் பறிக்கும்.

இன்ஜினைவிட முக்கியம் பிரேக்கும் டயரும். ஓடாத வண்டி யாரையும் கொல்லாது. நிற்காத வண்டி கொல்லும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1209 என்றால் 2009ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த ரப்பரை நம்பாதீர்கள். பிரேக் ஷூவையும் கேபிள்களையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது காகிதம். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் தெருவில் இறக்கக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் அத்தாவின் பெயர் இருக்கிறது அல்லவா? அப்படியானால் அது மகனுக்கு மட்டும் உரியதல்ல. அம்மாவுக்கும் சகோதரிக்கும் அதில் பங்கு உண்டு. "பழைய இரும்புதானே" என்று யாரும் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டியின் மதிப்பைப் பேசி, பங்கைக் கொடுத்தோ மனப்பூர்வமான சம்மதம் வாங்கியோதான் பெயரை மாற்ற வேண்டும்.

அந்தத் தம்பி கேட்டுக்கொண்டார். சகோதரியின் வீட்டுக்கே போய்ப் பேசினார். ஆறு வாரம் ஞாயிறுதோறும் வேலை பார்த்தார். ஏழாவது வாரம், மூன்றாவது மிதியில் வண்டி எழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு அவருடைய அம்மா கதவருகே வந்து நின்றார்கள். "உங்க அத்தா அஸர் தொழுதுட்டு வர்ற சத்தம்" என்றார்கள். அதற்குமேல் அவர்களால் பேச முடியவில்லை. நாமும் பேசவில்லை.

இளைஞர்களே, அந்த வண்டி உங்கள் கையில் ஓர் அமானிதம். பொறுமையாக எழுப்புங்கள்; உரியவர்களைக் கேட்டு எழுப்புங்கள்; ஹெல்மெட் போட்டு ஓட்டுங்கள். வஸ்ஸலாம்.