தீர்ப்புக்கு முன்னே தண்டனை



திங்கட்கிழமை காலையில் கடலூர் மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். திட்டக்குடியிலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் மனுவோடு பஸ் ஏறி வருகிறவர்கள். "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்ற பழமொழியை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது இந்த மாவட்டத்தில் எவ்வளவு கொடுமையாகப் பலித்தது என்பதை இன்று பேச விரும்புகிறேன்.

விருத்தாசலம் பக்கத்தில் முதனை என்றொரு கிராமம். அங்கே வாழ்ந்தவர் ராஜாக்கண்ணு. குறவர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி. 1993 மார்ச் மாதம் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. சந்தேகம் இவர் மேல் விழுந்தது. கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள். பிறகு, "தப்பி ஓடிவிட்டான்" என்று அவர் மனைவியிடம் சொன்னார்கள். மாவட்ட எல்லை தாண்டி மீன்சுருட்டி பக்கம் அடையாளம் தெரியாத பிணம் ஒன்று கிடந்தது. அது ராஜாக்கண்ணு.

அவருடைய மனைவி ஓயவில்லை. உள்ளூர் கம்யூனிஸ்ட் தோழர்கள் துணை நின்றார்கள். அப்போது வழக்கறிஞராக இருந்த, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு ஆட்கொணர்வு மனுவோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் நின்றார். இது காவல் நிலையத்தில் நடந்த சாவு என்றும், போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் என்றும் 2006-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் வந்த 'ஜெய் பீம்' திரைப்படம் இந்த வழக்கிலிருந்து பிறந்ததுதான்.

இரண்டு காலக்கணக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். திருட்டுச் சந்தேகத்துக்கு ஆளான ஏழைக்குச் சில நாட்களில் உயிரே போனது. அவரைக் கொன்றவர்களின் குற்றம் உறுதியாக 13 ஆண்டுகள் ஆயின. அந்தப் போலீஸ்காரர்களுக்கு வக்கீல் இருந்தார், வாய்தா இருந்தது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை இருந்தது. அவை அவர்களுக்குக் கிடைத்தது தவறே இல்லை. ஒரு நாகரிக நாட்டில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அவை கிடைத்தாக வேண்டும். நகை திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட ராஜாக்கண்ணுவுக்கு அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் அநீதி.

சந்தேகம் ஏன் முதலில் ராஜாக்கண்ணுவின் வீட்டுக்குப் போனது? 1871-இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்கச் சொன்னதால் நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பிறந்த சாதியைக் கொண்டே ஒருவரைத் திருடராகப் பதிவு செய்த சட்டம் அது. குறவர்கள் அதில் சிக்கினார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் அவர்கள் குடியிருப்பில் தேடுகிற வழக்கம் ஒழியவில்லை. அந்த வழக்கத்துக்குத்தான் ராஜாக்கண்ணு பலியானார்.

உயிர் தப்பியவர்களுக்கும் தண்டனை தீர்ப்புக்கு முன்னாலேயே வருகிறது. 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவரை ஜாமீனில் விட உச்ச நீதிமன்றம் சொல்லியும், கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அவருடைய சகோதரரின் ஜாமீனையும் ஏற்கவில்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மீது அப்போது குற்றம் நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. வசதி உள்ளவர் கைதுக்கு முன்பே முன்ஜாமீன் வாங்கிவிடுகிறார். நிலப் பட்டாவோடு ஜாமீனுக்கு நிற்க ஆள் இல்லாதவர் உள்ளேயே கிடக்கிறார். வேலை போகிறது, பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது. பிறகு விடுதலையே ஆனாலும் அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

போலீசையும் நீதிமன்றத்தையும் மட்டும் சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. சைக்கிள் திருடியதாகப் பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி அடிக்கும் ஊர், ஏரியையே வளைத்துப் போட்டவருக்குக் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை செய்கிறது. சின்னத் திருட்டுக்கு அடி, பெரிய திருட்டுக்குப் பரிவட்டம்! அந்தத் தராசு நம் கையில் இருக்கிறது.

ஆகவே நேயர்களே, இவற்றை மனத்தில் வையுங்கள். கைதான யாரையும் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதான செய்தியைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். வக்கீலைக் கலந்து பேசுவது அரசியலமைப்பு தந்த உரிமை. பணம் இல்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். உதவி எண் 15100. உங்கள் தெருவில் ஒரு பொருள் தொலைந்து, யாரோ ஓர் ஏழையின் பெயரை யாரோ சொல்லும்போது, "என்ன ஆதாரம்?" என்று நீங்கள் கேளுங்கள். வசதியானவர் மீது புகார் வந்தால் கேட்பீர்களே, அதே கேள்விதான். அதை ஏழைக்காகவும் கேட்கிற ஊரில், ராஜாக்கண்ணுவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு எளிதில் நேராது.