மலைமேல் நெஞ்சுவலி வந்தால்

(பொன்விழாக் கூட்டத்தில் மருத்துவ உதவிப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



பிரிஞ்சாங்கில் நடுச்சாமத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் நம் வீடுகளில் முதலில் சொல்வது, "வாய்வுதான், தைலம் தேயுங்கள்" என்பதே. விடியட்டும் என்று காத்திருந்துதான் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகிறோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அந்த நேரமெல்லாம் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். பலூன் வைத்து அடைப்பைத் திறக்க ஈப்போவுக்குப் போக வேண்டும். சிம்பாங் பூலாய் சாலையின் வளைவுகளை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வார இறுதி நெரிசலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இதே சிக்கல்தான். டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லாசரி ஆகியோர் முன்னின்ற ஒரு திட்டம் 2012இல் அங்கே களமிறங்கியது. பெரிய மருத்துவமனை ஒன்றைச் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளை அதனோடு இணைத்தார்கள். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு உடனே ஈ.சி.ஜி. எடுத்து அனுப்பவும், தூரம் அதிகமென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போடவும் சிற்றூர் மருத்துவர்களைப் பழக்கினார்கள். பிறகு 3 முதல் 24 மணி நேரத்துக்குள் நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். 2,420 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு 17.6 விழுக்காடு, திட்டம் வந்தபின் 14.2. நூற்றுக்கு மூன்று பேர்தானே என்று தோன்றலாம். அந்த மூன்று வீடுகளில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இதயநோய் மருத்துவம் கற்கக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்த காலமும் உண்டு. பர்மாவில் பிறந்த டாக்டர் எஸ். பத்மாவதி, போருக்குத் தப்பி 1942இல் கோயம்புத்தூர் வந்த தமிழ்ப் பெண். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயின்றுவிட்டு 1953இல் டில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வெளியே கற்றதை ஊரிலேயே மற்ற மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நமக்குக் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் 1992இல் வந்தது.

நம் பிள்ளை ஒருவர் கோலாலம்பூரில் ஸ்பெஷலிஸ்ட் ஆனால் நாம் பெருமைப்படுகிறோம், படத்தான் வேண்டும். ஆனால் இரவுப் பணியில் அந்த ஈ.சி.ஜி. தாளை முதலில் கையில் எடுப்பவர் தாதியாகவோ மருத்துவ உதவியாளராகவோ இருப்பார். நமது கல்வி நிதி இதுவரை டாக்டர் படிப்பை மட்டுமே மருத்துவப் படிப்பாகக் கணக்கிட்டு வந்திருக்கிறது. இந்த ஆண்டு முதல் தாதியர், மருத்துவ உதவியாளர் படிப்புக்கு வரும் விண்ணப்பங்களையும் அதே கோப்பில் சேர்க்கும்படி நிர்வாகக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வரும் ஆண்டுக் கூட்டத்தில் அது வாக்குக்கு வருகிறது.