உறுதிமொழி ஏற்காத ஆளுநர்

ஹூஸ்டன் என்றதும் விண்வெளி மையம்தான் நம் நினைவுக்கு வரும். அந்த நகரத்துக்குப் பெயர் தந்த சாம் ஹூஸ்டனைப் போர் வீரராகவே பெரும்பாலோர் அறிவார்கள். 1836 ஏப்ரல் 21 அன்று சான் ஜசின்டோவில் மெக்சிகோ அதிபர் சான்டா அன்னாவின் படையை 18 நிமிடங்களில் முறியடித்தவர் அவர். ஆனால் அவருடைய பெருமை அந்த வெற்றியில் இல்லை, 25 ஆண்டுகள் கழித்து ஏற்ற தோல்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அந்தத் தோல்வியில் பேசியது தளபதி அல்ல, வழக்கறிஞர்.

டென்னசி எல்லைப்புறத்தில் வளர்ந்து, இளமையில் செரோக்கி மக்களோடு சில ஆண்டுகள் வாழ்ந்த ஹூஸ்டன், 1818இல் நாஷ்வில்லில் சில மாதங்களே சட்டம் படித்து வழக்கறிஞரானார். எல்லைப்புறத்தில் அது போதும். ஆனாலும், கொடுத்த வாக்கும் எழுதிய ஒப்பந்தமும் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்ற எண்ணம் அவரிடம் ஊறிப்போயிற்று. டென்னசி ஆளுநர், டெக்சஸ் குடியரசின் அதிபர் ஆகிய பதவிகளை வகித்தவர், டெக்சஸ் அமெரிக்காவில் சேர்ந்தபின் அதன் சார்பில் அமெரிக்க செனட்டர் ஆனார். வடபகுதி நிலங்களில் அடிமை முறையைத் தடுத்த 1820ஆம் ஆண்டு உடன்பாட்டை 1854இல் ஒரு புதிய சட்டத்தால் ரத்து செய்ய முனைந்தபோது, அதை எதிர்த்து வாக்களித்த தென்மாநில செனட்டர்கள் இருவரே. ஒருவர் ஹூஸ்டன். பூர்வகுடிகளோடு செய்த ஒப்பந்தங்களையும் அந்தச் சட்டம் மீறுகிறது என்று அவையில் வாதாடினார். டெக்சஸ் அவரை மன்னிக்கவில்லை. 1857இல் ஆளுநர் தேர்தலில் தோற்கடித்தது. 1859இல் அதே பதவிக்கு அவரே வென்று வந்தார் என்பது அரசியலின் வேடிக்கை.

1861 பிப்ரவரியில் டெக்சஸ் மக்கள் பெருவாரியாக வாக்களித்து அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தார்கள். உடனே, பிரிவினைக்காகக் கூடியிருந்த மாநில மாநாடு, பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்கு உறுதிமொழி எடுக்கும்படி அதிகாரிகளுக்கு ஆணையிட்டது. மக்கள் கேட்டது பிரிவினை மட்டுமே, வேறொரு நாட்டில் சேர்க்க மாநாட்டுக்கு அதிகாரம் தந்தது யார் என்பது ஹூஸ்டனின் கேள்வி. மார்ச் 16 அன்று பெயர் சொல்லி அழைத்தும் அவர் மன்றத்துக்கு வரவில்லை. தலைமைச் செயலகத்தின் கீழ்த்தளத்தில் கத்தியால் மரக்கட்டையைச் சீவிக்கொண்டிருந்தார் என்பார்கள். பதவி பறிபோயிற்று.

மெக்சிகோவிடமிருந்து டெக்சஸைப் பிரித்தவரே பிரிவினையை எதிர்க்கலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1836இல் டெக்சஸ்காரர்கள் சொன்ன குற்றச்சாட்டு, சான்டா அன்னா 1824ஆம் ஆண்டு அரசமைப்பைக் கவிழ்த்தார் என்பது. 1861இல் தென்மாநிலங்கள் எதிர்த்த அதிபர் லிங்கனோ சட்டப்படி தேர்தலில் வென்றவர். எந்தச் சட்டத்தையும் அதுவரை மீறியிருக்கவில்லை. இந்த வேறுபாடு சட்டத்தில் நிற்கும். அடிமை முறையைக் காக்கும் ஆசை 1836 கிளர்ச்சியிலும் கலந்திருந்தது என்பதை மட்டும் அது மறைக்காது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம், அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பது. அதற்குச் சமாதானம் கிடையாது. அவர் காக்க முயன்றது ஒன்றியத்தை, கறுப்பின மக்களின் விடுதலையை அல்ல. அவரை நீதிமானாக்குவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆனால் லிங்கன் படை அனுப்ப முன்வந்தபோது அதை மறுத்ததைக் கோழைத்தனம் என்பதை நான் ஏற்கமாட்டேன். தன் நாற்காலிக்காக அண்டை வீட்டாரை ஒருவரோடொருவர் மோதவிட அவர் விரும்பவில்லை. அவர் மகனோ தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் சேர்ந்து, 1862இல் ஷைலோ போரில் காயமடைந்தார். ஹூஸ்டன் 1863 ஜூலை 26 அன்று ஹன்ட்ஸ்வில்லில் காலமானார். டெக்சஸ் மீண்டும் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டது 1870 மார்ச் மாதத்தில்.