நம் நெல் விதையும் நாடுகளின் கூட்டுறவும்

(உழவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

விதை வாங்கப் போகும்போது நீங்கள் என்னென்ன கேட்கிறீர்கள்? வயது எத்தனை நாள், ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும், புகையானைத் தாங்குமா, அரிசி சன்னமா மோட்டாவா, கிலோ என்ன விலை என்று கேட்கிறீர்கள். இவை யாவும் கேட்க வேண்டியவையே. இவற்றோடு இன்னும் ஒரு கேள்வி உண்டு. இந்த இரகத்தை உண்டாக்கப் பணம் போட்டவர் யார்? எந்த ஊர் நெல்லை எடுத்து இதை உண்டாக்கினார்கள்? இதைக் கேட்பவர் மிகக் குறைவு. ஆனால் நாளை உங்களுக்குப் புதிய விதை கிடைக்குமா கிடைக்காதா என்பது இந்தக் கேள்வியின் விடையில்தான் இருக்கிறது. ஆகவே இன்று அதைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன்.

கோவையில் தொடங்கிய வழி

1912ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் நெல் இனவிருத்தி நிலையம் தொடங்கப்பட்டது. அரசு கொடுத்த பணத்தில், அதாவது மக்கள் செலுத்திய வரியில் நடந்த நிலையம் அது. அங்கிருந்து 1921இல் ஜி.இ.பி.24 என்னும் சன்ன இரகம் வெளிவந்தது. இதன் அரிசிக்கு நல்ல பெயர் கிடைத்தது. பின்னர் இதையும் கோ 18 இரகத்தையும் ஒட்டுச் சேர்த்து, திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூர்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் டி.கே.எம்.6 என்ற இரகத்தை உண்டாக்கினார்கள். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் கடந்து போய்த் திரும்பி வந்த நெற்கள் இவை.

அக்காலத்து நம் நெல்லுக்கு ஒரு குறை இருந்தது. உரம் போட்டால் உயரமாக வளர்ந்து, கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும். ஜப்பான் நாட்டு நெல்லோ உரத்தை ஏற்று, சாயாமல் நின்று, மணி பிடிக்கும். அந்தக் குணத்தை நம் நெல்லில் சேர்க்க ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமும் 1950களில் கூட்டுத் திட்டம் நடத்தின. கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுச் சேர்க்கை நடந்தது. இந்தியா மட்டுமன்றித் தென்கிழக்கு ஆசிய நாடுகளும் இதில் பங்கு கொண்டன.

இத்திட்டத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட ஒட்டுகள் செய்தார்கள். இருவகை நெல்லும் எளிதில் ஒன்று சேரவில்லை. பெரும்பாலானவற்றில் கதிர் பதராகப் போயிற்று. கடைசியில் நான்கு இரகங்களே தேறின. அவற்றில் ஒன்று நம் ஆடுதுறை 27. ஜப்பானின் நோரின் 10 நெல்லும் நம் ஜி.இ.பி.24 நெல்லும் இதன் பெற்றோர். 1960களின் நடுவில் தஞ்சை மாவட்டத்துக் குறுவைக்கு வந்து, விரைவாகப் பரவியது.

தேறிய நான்கில் மற்றொன்று மலேசியாவில் வெளியான மாசூரி. தாய்வான் நாட்டின் தைச்சுங் 65 நெல்லும் மலேசியாவின் மாயாங் எபோஸ் நெல்லும் சேர்ந்து பிறந்தது அது. அந்த மாசூரியிலிருந்து வந்ததுதான் நீங்கள் இன்று விரும்பிச் சாப்பிடும் பொன்னி! காவிரியின் பெயரைச் சுமந்திருந்தாலும், அதன் பிறப்பில் மூன்று நாடுகளுக்குப் பங்கு உண்டு.

எழுநூறு ஒட்டில் நான்கே தேறியதை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். இந்த நட்டத்தைத் தாங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க எந்த வியாபாரி முன்வருவார்? பொதுப் பணம் இருந்ததால்தான் இது நடந்தது.

போய்த் திரும்பிய நெல்

1960இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்னும் ஊரில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அமெரிக்காவின் போர்டு, ராக்பெல்லர் ஆகிய இரண்டு அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. பிலிப்பைன்ஸ் நாடு இடம் கொடுத்தது. 1962இல் இந்தோனேசியாவிலிருந்து வந்த பேட்டா என்ற நெட்டை நெல்லையும் தாய்வான் நாட்டுக் குட்டை நெல் ஒன்றையும் அங்கே ஒட்டினார்கள். அதிலிருந்து 1966இல் ஐ.ஆர்.8 வெளிவந்தது. அது குட்டையாக நின்று உரத்துக்கு விளைந்தது. ஆனால் அரிசி மோட்டா. நோய்க்கும் எளிதில் இரையாயிற்று.

இந்த இடத்தில்தான் நம் டி.கே.எம்.6 உதவிக்குச் சென்றது. குருத்துப்பூச்சியையும் பாக்டீரியா இலைக்கருகலையும் ஓரளவு தாங்கும் குணம் அதற்கு உண்டு. அதைக் கலந்து 1969இல் ஐ.ஆர்.20 வெளியிடப்பட்டது. சம்பா, தாளடிப் பட்டங்களில் நம் மாநிலத்து வயல்களில் ஐ.ஆர்.20 எத்தனை ஆண்டுகள் நின்றது என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வெளிநாட்டு நெல் என்று பலர் எண்ணினாலும் அது நம் வீட்டுப் பெண் அயலூரில் வாழ்க்கைப்பட்டுப் பெற்ற பிள்ளை. தாய் வீட்டுக்கு வந்தது.

ஆராய்ச்சி அத்தோடு முடியவில்லை. 1973இல் புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.26 வெளிவந்தது. அதற்கும் டி.கே.எம்.6 ஒரு பெற்றோர். சில ஆண்டுகளுக்குள் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் புகையான் தன் குணத்தை மாற்றிக்கொண்டு அந்த இரகத்தையும் தாக்கத் தொடங்கியது. 1976இல் ஐ.ஆர்.36 வந்து அந்த இடத்தை நிரப்பியது. பஞ்சாபில் பிறந்த விஞ்ஞானி குர்தேவ் குஷ் உருவாக்கிய இரகம் இது. கேரளத்துப் பட்டாம்பி நெற்களின் குணம், கட்டாக்கில் உருவான சி.ஆர்.94-13 என்னும் நெல் வழியாக இதில் சேர்ந்தது.

புல்தழைக் குட்டை நோய் என்ற நச்சுயிரி நோய்க்கு எதிர்ப்புத் தேடி, சேமிப்பில் இருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல்தான் அந்நோயைத் தாங்கியது. அதன் குணமும் ஐ.ஆர்.36இல் உண்டு. யாரோ ஒருவர் அரசுச் சம்பளத்தில் காடு மேடு அலைந்து அந்த நெல்லைப் பொறுக்கி வைத்திராவிட்டால், தேடிய நாளில் அது கிடைத்திருக்காது.

அரசுப் பணம் ஏன் வேண்டும்?

"கம்பெனிகள் விதை விற்கின்றனவே, ஆராய்ச்சியையும் அவர்களே செய்யட்டுமே" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வீரிய ஒட்டுச் சோளம், மக்காச்சோளம், பருத்தி ஆகியவற்றில் கம்பெனிகள் பணம் போடுகின்றன. காரணம், அந்த விதையை நீங்கள் அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைத்தால் குணம் சிதறிவிடும். ஒவ்வொரு முறையும் கடைக்கு வர வேண்டும்.

நெல் அப்படிப்பட்டது அன்று. அது தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஒருமுறை வாங்கிய நல்ல விதையைக் கலப்பில்லாமல் காத்தால் இரண்டு மூன்று போகம் அதையே விதைக்கலாம். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். இது உங்களுக்கு இலாபம். விற்பவருக்கு இதில் வருமானம் குறைவு. நெல், நிலக்கடலை, பயறு வகைகள் போன்றவற்றில் பொது ஆராய்ச்சி நின்றால் அந்த இடத்தை நிரப்ப வேறு யாரும் வரமாட்டார்கள் என்பதற்கு இதுவே காரணம்.

மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறைக்கு 2024-25 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 9,900 கோடி ரூபாய். கேட்கும்போது பெரிய தொகைதான். ஆனால் நாடு முழுவதிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களின் சம்பளம், ஓய்வூதியம் போக மிஞ்சுவதே வயல் ஆய்வுக்கு.

கொடுக்கல் வாங்கலில் முறை வேண்டும்

பிற நாடுகளோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வதில் ஓர் அச்சமும் உண்டு. நம் பொருளை எடுத்துக்கொண்டு போய்த் தமக்கே உரியது என்று எழுதிக்கொள்வார்களோ என்னும் அச்சம் அது. இது வீண் அச்சம் அன்று. 1995இல் அமெரிக்காவில் மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வைத்தியம் இது! இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைச் சான்று காட்டி வழக்காடியது. 1997இல் அந்த உரிமை நீக்கப்பட்டது.

இத்தகைய அனுபவங்களுக்குப் பின் முறைகள் எழுந்தன. பயிர் மரபு வளங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் இதில் உறுப்பு நாடு. நெல் முதலிய முக்கியப் பயிர்களின் விதையை நாடுகள் ஆராய்ச்சிக்குப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் வாங்கியவர் வாங்கிய வடிவிலேயே அதற்குத் தனியுரிமை கோரக் கூடாது. நம் நாட்டில் 2001இல் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவு செய்த இரகமாயினும் நீங்கள் உங்கள் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. பாதுகாப்புப் பெற்ற இரகத்தைப் பெயர் பொறித்துப் பையில் அடைத்து விற்பது மட்டும் கூடாது.

பணம் நின்றால் என்ன ஆகும்?

ஒடிசா மாநிலத்தில் எப்.ஆர்.13ஏ என்னும் பழைய நெல் உண்டு. வெள்ளத்தில் முழுகினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும். மற்ற நெல் முழுகியவுடன் தண்ணீருக்கு மேலே வர முயன்று நீண்டு, உடம்பில் உள்ள சத்தையெல்லாம் செலவழித்து மடியும். இந்த நெல்லோ வளர்ச்சியை அடக்கிக்கொண்டு காத்திருந்து, வெள்ளம் வடிந்தபின் துளிர்க்கும். இதற்குக் காரணமான மரபணுவை 2006இல் அமெரிக்கப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையமும் கண்டறிந்தனர். 2009இல் சுவர்ணா சப்-1 இந்தியாவில் வெளியானது. நம் மாநிலத்துக்கு சி.ஆர்.1009 சப்-1 கிடைத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் முழுகும் டெல்டா வயல்களுக்கு இது பெரிய உதவி. அந்த ஒடிசா நெல் பல பத்தாண்டுகள் விதைச் சேமிப்பில் காத்திருந்தது. நடுவில் ஓர் ஆண்டு செலவு மிச்சம் என்று குளிர் அறையைப் பூட்டியிருந்தால் இன்று இந்த இரகம் ஏது?

கம்போடிய நாட்டின் கதையையும் கேளுங்கள். 1970களில் அங்கே போரும் கொடுமையும் நடந்து, உழவர்களின் பழைய நெல் வகைகள் அழிந்தன. அதற்கு முன்பே பன்னாட்டு நிலையம் அவற்றைச் சேகரித்து வைத்திருந்தது. 1980களில் எழுநூறுக்கும் மேற்பட்ட வகைகளை அந்நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இத்தகைய பணிக்குப் பிறர் பணத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி முகமையை மூடியது. அதன் நிதியில் பல நாடுகளில் நடந்துவந்த வேளாண் ஆய்வுகள் பாதியில் நின்றன. நட்ட பயிருக்கு நடுவில் தண்ணீரை நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆராய்ச்சிக்கும் ஆகும். அடுத்த ஆண்டு மடை திறந்தாலும் போன பயிர் போனதுதான். ஆகவே கூட்டுறவு வேண்டும். அதோடு நம் சொந்த முதலும் குறையாமல் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. விதைப் பையில் அட்டையைப் பாருங்கள். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. இரகத்தின் பெயரையும் அதை வெளியிட்ட நிலையத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. எதிர்ப்புச் சக்தி உள்ளது என்று சொன்ன இரகத்தில் பூச்சியோ நோயோ கண்டால் மருந்து அடித்ததோடு விட்டுவிடாதீர்கள். உடனே வேளாண் விரிவாக்க மையத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ தெரிவியுங்கள். பூச்சி குணம் மாறுவதை முதலில் காண்பவர் நீங்கள்தாம்.

3. உங்கள் குடும்பம் காத்துவந்த பழைய நெல் இருந்தால் சிறு பாத்தியிலாவது ஆண்டுதோறும் பயிரிடுங்கள். அதை உழவர் இரகமாகப் பதிவு செய்யலாம். பதிவுக் கட்டணம் இல்லை. மாவட்ட வேளாண் அலுவலரோ பல்கலைக்கழகமோ வழி காட்டுவார்கள்.

4. புதிய இரகத்தின் சோதனைத் திடலுக்கு நிலம் கேட்டால் இயன்றவரை கொடுங்கள். நிலையத்து வயலில் விளைவது வேறு, உங்கள் மண்ணில் விளைவது வேறு. குறை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

5. கிராம சபையிலும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் உரம், கடன், கொள்முதல் விலை பற்றிப் பேசுகிறீர்கள். அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகளின் இடம் காலியாக இருந்தால் அதையும் கேளுங்கள். அது உங்கள் பணத்தில் நடக்கும் நிலையம்.

உழவர் பெருமக்களே, உங்கள் கையில் உள்ள ஒரு பிடி நெல்லில் கோவையும் திரூர்குப்பமும் கட்டாக்கும் இருக்கின்றன. ஜப்பானும் தாய்வானும் இந்தோனேசியாவும் இருக்கின்றன. உங்கள் பாட்டன் காத்த விதையும் நீங்கள் கட்டிய வரியும் அதில் சேர்ந்திருக்கின்றன. முதல் போட்டவர் கணக்குக் கேட்க உரிமை உள்ளவர். கேளுங்கள், உங்கள் பங்கையும் தொடர்ந்து கொடுங்கள்.